சிவலைக் குதிரைக்குக் களவுக் காப்புறுதி

நெடுந்தீவு மேற்கு,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

என்றும் அன்பு குறையாத மகன் சுபேசனுக்கு,

அப்பா எழுதுவது. உன்னையும் மருமகள் பவதாரணியையும் பேத்தி ஆரணியையும் எங்கள் பிள்ளையார் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். நான் சுகம். என் சுகத்தை நீ கேட்கவில்லை. ஆனால் கடிதம் என்றால் அதில்தான் தொடங்க வேண்டும் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள், ஆகவே எழுதிவிட்டேன். இனி நீ கேட்ட சுகத்துக்கு வருகிறேன். குதிரை நிற்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மழை கண்டு மாதக்கணக்காகிவிட்டது. புல் என்று சொல்லக்கூடியது மதில் நிழலில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப்போய்விட்டது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிற மண்ணை நான் காலையில் கூட்டி வெளியே போட, அது மத்தியானம் திரும்பவும் உள்ளே வருகிறது.

நோர்வேயில் இருக்கிற மகனுக்கு இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுக்கிறாய், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் எடுத்த உடனே "குதிரையைக் காட்டுங்கோ அப்பா" என்கிறாய். நான் போனையும் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுகிறேன். போனுக்குள் ஆரணி "ஸ்னோ! ஸ்னோ!" என்று கத்துகிறது. செங்கல் நிறத்தில் நிற்கிற ஒரு மிருகத்துக்குப் பனி என்று பெயர் வைக்க உன் மகளால்தான் முடியும்; நாங்கள் சிவலையன் என்று கூப்பிட்டே அது திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஏதாவது சொல்ல வாய் திறந்தால், "போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கோ அப்பா, உங்கட தலை மறைக்குது" என்கிறாய். தலையை விலக்கிக்கொள்கிறேன். பிறகு குதிரை பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, நீங்கள் மூன்று பேரும் அதன் வாலோடு கதைத்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் சேர்ந்து சேர்ந்து ஒரு கடிதமளவுக்கு வந்துவிட்டது, அதுதான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ சொன்ன அலுவலைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆரணி சவாரி பழகப் போகிற இடத்தில் எல்லாக் குதிரைகளுக்கும் காப்புறுதி இருக்கிறதாம், ஸ்னோவுக்கு மட்டும் இல்லை என்று பிள்ளை சாப்பிடாமல் அழுததாம். "அப்பா, வயசுபோன குதிரையளுக்கு எண்டு தனியா கவர் இருக்கு. நாலு இடத்திலை விசாரிச்சு, நல்லதாப் பார்த்து எடுங்கோ" என்றாய். மகனே, நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன். கடை இடம்பெயர்ந்து போனபோது அதற்குக் காப்புறுதி இல்லை. புயலில் வீட்டுக் கூரை பறந்தபோது கூரைக்கும் இல்லை. உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நடுக்கடலில் லோஞ்சிலேயே கண்ணை மூடினாளே, அவளுக்கும் இருந்ததில்லை. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகக் காப்புறுதி எடுக்கப் போகிற ஆள் ஒரு குதிரை என்று நினைக்க எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சரி, பிள்ளை சாப்பிடவேண்டுமே என்று இறங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பனிக்குப் போன் பண்ணினேன். ஒரு பெண்பிள்ளை எடுத்து, "வாகனமோ ஐயா?" என்றது. "ஏறிப் போகலாம் பிள்ளை, ஆனா இப்ப ஒருத்தரும் ஏறுறேல்லை" என்றேன். "எத்தினையாம் ஆண்டு மொடல்?" என்றது. சமாதானம் சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில் பிறந்தது என்றேன். அது யாரையோ கேட்டுவிட்டு வந்து, அவ்வளவு பழைய மொடலுக்கு முழுக் காப்புறுதி கொடுக்கமாட்டார்கள், முதலில் புகைப் பரிசோதனை செய்யவேண்டும் என்றது. அப்போதுதான் இது குதிரை என்று நான் வாயைத் திறந்து சொன்னேன். பிறகு ஒரு பாட்டு ஓடியது. பாட்டு முடிந்ததும் இன்னொரு பெண்பிள்ளை, அதற்குப் பிறகு இன்னொரு பாட்டு. கடைசியில் ஒரு பெரியவர் வந்து ஆளை நேரில் அனுப்புகிறோம் என்றார்.

வந்தவன் ஊர்காவற்றுறைப் பொடியன், ஜெனிஸ்ரன் என்று பெயர். கழுத்துப்பட்டி, சப்பாத்து, கையில் தோல் பை என்று நல்ல மாப்பிள்ளைக் கோலத்தில்தான் குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறியிருக்கிறான். ஆவணிக் கடலைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. இறங்கும்போது வயிற்றில் இருந்ததெல்லாம் கடலோடு போய், முகம் வெளுத்து, என் சைக்கிள் கரியரில் சாய்ந்தபடி வந்து சேர்ந்தான். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க, சிவலையன் மெல்ல வந்து அவனுடைய பையிலிருந்து கடதாசிகளை உருவி வாயில் போட்டுவிட்டது. பல் இருந்திருந்தால் தின்று முடித்திருக்கும். இல்லாதபடியால் கொஞ்சநேரம் சப்பிவிட்டு அப்படியே கீழே விட்டது. பொடியன் எழும்பி ஈரக் கடதாசியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதின்ர வயசு எனக்கு விளங்கீற்றுது" என்றான்.

அவன் கொண்டுவந்தது மாட்டுக்குரிய படிவம். குதிரைக்கென்று கொம்பனியில் அச்சடிக்கவில்லையாம். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் கறக்கும் என்று முதல் கேள்வி. "தம்பி, இது ஆண் குதிரை" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பால் வத்தீற்றுது எண்டு போடுறன் ஐயா, வெறுமையா விட்டா மேலிடத்திலை கேப்பினம்" என்றான். பிறகு ஒவ்வொரு கவராக விளங்கப்படுத்தினான். முதலில் வைத்தியச் செலவு. சிவலையனுக்கு மூட்டு வீக்கம் இருக்கிறது, பல்லில்லை, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஆகவே இதுதான் தோதானது என்று சந்தோசப்பட்டேன். "இளம் மிருகத்துக்கு மட்டும்தான் ஐயா" என்றான். "அப்ப நோய் வருத்தம் வராத வயசிலை வருத்தத்துக்குக் கவர் இருக்கு, வாற வயசிலை இல்லை?" என்று கேட்டேன். "ஓம் ஐயா, அதுதான் முறை" என்றான், பாவம், அவன் என்ன செய்வான். அடுத்தது வேலை செய்ய முடியாமல் போனால் கொடுக்கிற கவர். "இது இப்ப என்ன வேலை செய்யிறது?" என்றான். "ஞாயிற்றுக்கிழமையிலை போனிலை முகம் காட்டுறது. அதுவும் முகத்தைக் காட்டுறேல்லை" என்றேன். அவன் அதை எழுதவில்லை.

மூன்றாவது, குதிரை பிறத்தியாருக்குச் செய்கிற சேதத்துக்கு. இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு மேரிஜோசப்பின் எங்களோடு இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியாது, நீ கேட்டால்தானே. இடையில் இருக்கிற கல் மதிலில் சிவலையன் முதுகு தேய்க்கிறது. முருகைக்கல் அடுக்கித்தானே எங்கள் மதில், சாந்து பூசியா கட்டியிருக்கிறது, கல் உருண்டு அவளுடைய கோழிக்கூட்டில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவள் மதிலுக்கு மேலால் சொன்ன வார்த்தைகளை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. அதன் பிறகு, செத்த வீட்டில் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். இந்தக் கவரை எடுத்துக் கோழிக்கூட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டால் ஒரு மனிசி கதைக்கவாவது கிடைக்கும் என்று நினைத்து, இதையும் போடு, சாவுக்கானதையும் போடு என்று பொடியனுக்குச் சொன்னேன்.

அங்கேதான் பிழை வந்தது. "குதிரை உங்கடை எண்டதுக்கு என்ன அத்தாட்சி ஐயா?" என்றான். நெடுந்தீவில் வந்து இப்படிக் கேட்கிறானே என்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் ஊரில் மிருகங்கள் எல்லாம் ஒரே வெளியில்தான் மேய்கின்றன, அதனால் ஒவ்வொரு குடும்பமும் தன் குறியை மிருகத்தின் தோலில் சுட்டு வைத்திருக்கிறது. குட்டி தாயின் குறியைத்தான் எடுக்கும். அதை எந்தக் கோர்ட்டிலும் யாரும் மாற்ற முடியாது என்று விளக்கமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, "இந்தா, வந்து பாரும்" என்று பெருமையாகக் குதிரையின் தொடையில் இருந்த மண்ணைத் தட்டிக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். "நங்கூரம் மாதிரி இருக்கு. உங்கட குறி நங்கூரமோ ஐயா?"

"இல்லை, எங்கட குறி சூலம். நங்கூரம் பக்கத்து வீட்டு மேரிஜோசப்பின் ஆக்களின்ர."

"அப்ப குதிரை அவையின்ர."

"குறி அவையின்ர. குதிரை எங்கட."

அவன் பேனையை மூடி வைத்தான். உனக்குத் தெரியும்தானே மகன், தாய்க் குதிரை ஜோசப்பினுடைய புருசனின் பட்டிக்குரியது. அது குட்டி போட்ட கையோடு செத்துப்போக, குட்டி தள்ளாடித் தள்ளாடி எங்கள் வளவுக்குள் வந்து உன் அம்மாவின் சேலையைச் சப்பிக்கொண்டு நின்றது. அவள் மாட்டுப்பாலைப் போத்தலில் விட்டுப் பருக்கினாள். அடுத்த வருடம் குறி சுடுகிற நாளில், தாயின் முறைப்படி ஜோசப்பினின் புருசன் வந்து நங்கூரத்தைச் சுட்டான். அம்மா காயத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் பூசினாள். அவன் குதிரையைக் கொண்டுபோகவுமில்லை, நாங்கள் குறியைப் பற்றிக் கேட்கவுமில்லை. இத்தனை காலமும் ஒருவருக்கும் வராத சந்தேகம் ஊர்காவற்றுறையிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தது. அத்தோடு இன்னொன்றும் விளங்கியது. குதிரை ஜோசப்பினுடையது என்றால், தன் குதிரை தன் கோழிக்கூட்டை உடைத்ததற்காகத்தான் அவள் இரண்டு வருடமாக என்னோடு கதைக்காமல் இருக்கிறாள். "தன்ர மிருகம் தன்ர பொருளைச் சேதப்படுத்தினா அதுக்குக் கவர் இல்லை ஐயா" என்று பொடியன் மூன்றாவதையும் வெட்டினான்.

மிச்சமிருந்தது இரண்டுதான், சாவும் களவும். இரண்டுக்கும், புருசன் போனபிறகு குறிக்குரியவளான ஜோசப்பின் கையெழுத்து வைக்கவேண்டும். உடுப்பு மாற்றிக்கொண்டு, பொடியனையும் கூட்டிக்கொண்டு, மதிலால் எட்டிப் பார்க்காமல் முறைப்படி ஒழுங்கையால் சுற்றி அவள் படலையில் போய் நின்றேன். முருங்கைமரத்தடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் படலையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இப்பதான் தெரிஞ்சுதோ அண்ணை, குதிரை ஆரின்ர எண்டு?"

"தெரியும் ஜோசப்பின். ஆனா எழுதச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப என்ர குதிரையை இவ்வளவு நாளும் ஏன் இப்பிடி எலும்பும் தோலுமா வைச்சிருக்கிறியள்?"

எனக்கும் அதற்கும் ஒரே பானையில்தான் தவிட்டுக் கஞ்சி. முதலில் அதற்கு ஊற்றிவிட்டுத்தான் நான் குடிக்கிறேன். எனக்குக் கொஞ்சம் உப்புக் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் அப்பிடித்தான் இருக்கிறியள்" என்றாள். பிறகு பொடியனிடம் திரும்பி, "சாவுக்கு எண்டா நான் கையெழுத்து வைக்கமாட்டன் தம்பி. உயிரை ஆண்டவர் எடுக்கிற நேரத்திலை உங்கட கொம்பனிக்கு அதுக்குள்ளை என்ன அலுவல்? அது எப்ப சாகும் எப்ப சாகும் எண்டு பாத்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது" என்றாள். அவன் தேனாகப் பேசிப் பார்த்தான், அவள் அசையவில்லை. களவுக்கு மட்டும் வைத்தாள், அதுவும் மீன் கையோடு. குதிரை சப்பிய கடதாசியில் இப்போது மீன் செதிலும் ஒட்டியிருக்கிறது.

ஆகவே, மகன், நாலு இடத்தில் விசாரிக்காவிட்டாலும் உள்ளதில் நல்லதைப் பார்த்து எடுத்திருக்கிறேன்: களவுக் காப்புறுதி. இதற்கு வயதெல்லை கிடையாதாம். இந்தக் குதிரையைக் களவெடுக்கிறவன் எப்படிக் கொண்டுபோவான் என்று நானும் படுத்துக் கிடந்து யோசித்தேன். லோஞ்சில் ஏற்றவேண்டும். ஆட்களுக்கே நிற்க இடமில்லாத லோஞ்ச் அது. கயிறு கட்டி இறக்கவேண்டும், அதற்கு ஊரில் ஆள் பிடிக்கவேண்டும், பிடித்த ஆட்கள் தங்களுக்குள் சண்டை பிடித்து முடிய லோஞ்ச் போய்விடும். இருந்தாலும் கவர் என்றால் கவர்தான். ஸ்னோவுக்கு இப்போது காப்புறுதி இருக்கிறது, நீ சாப்பிடு என்று பிள்ளைக்குச் சொல்லு.

இனி, போனில் சொல்லாத ஒரு விசயம். மிருக வைத்தியர் வந்து பார்த்தவர். மாரிமழை வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம் என்றார். நான் அதற்குக் கஞ்சியில் பனங்கட்டி போட்டுக் கரைத்துக் கொடுக்கிறேன், மத்தியானத்தில் முதுகில் ஈரச் சாக்குப் போடுகிறேன். இதெல்லாம் மிருகத்தின் மேல் உள்ள பாசம் என்று நீ நினைத்தால் பாதிதான் சரி. மற்றப் பாதி பயம். அடுத்த கோடைவிடுமுறைக்கு ஸ்னோவைப் பார்க்க வருவோம் என்று ஆரணி சொல்லியிருக்கிறது. ஸ்னோ இல்லாவிட்டால் நீங்கள் எதைப் பார்க்க வருவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை எதற்காகப் போன் எடுப்பாய்? லோஞ்சுக்குக் காத்துநிற்கிறபோது ஜெனிஸ்ரனிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். "தம்பி, குதிரை செத்தா எனக்குப் போன் வாறது நிண்டுபோகும். அதுக்கு ஏதும் கவர் இருக்கோ?" அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடி, "வயசு தாண்டீற்றுது ஐயா" என்றான். யாருடைய வயது என்று நான் கேட்கவில்லை.

வேறு விசேசமில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பவதாரணியின் இடுப்பு வலிக்கு நான் அனுப்பிய எண்ணெயைச் சுடவைத்துப் பூசச் சொல்லு, பச்சையாகப் பூசினால் பிரயோசனமில்லை. பேத்திக்கு ஆயிரம் முத்தம். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், எல்லாவற்றுக்கும் கவர் கிடைக்கிற வயதிலேயே நெடுங்காலம் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை மன்றாடுகிற,

உன் அப்பா,
கதிர்காமு.

பிற்குறிப்பு: காற்றால் லோஞ்ச் ஓடவில்லை. கடிதம் இவ்வளவு நாளும் அலுமாரிக்கு மேல் கிடந்தது. கிடந்ததும் நல்லதுதான், மேலே எழுதியதெல்லாம் இனிச் சரியில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சிவலையன் மதிலோடு சாய்ந்து படுத்தது, பிறகு எழும்பவில்லை. நான் சத்தம் போட்டிருக்க வேண்டும், எனக்கு நினைவில்லை. ஜோசப்பின் ஒழுங்கையால் சுற்றி வராமல், கல் விழுந்த இடத்தால் மதிலைத் தாண்டியே வந்துவிட்டாள். தலையை மடியில் வைத்துத் தண்ணீர் பருக்கினாள், அது குடிக்கவில்லை. ஊர்ப் பொடியள் வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். குறி அவளுடையது என்று அவள் சிலுவை அடையாளம் போட்டாள், கஞ்சி என்னுடையது என்று நான் திருநீறு போட்டேன்.

எல்லாம் முடிந்து கைகால் கழுவியபிறகு அவள், "அண்ணை, அந்தக் கொம்பனிப் பொடியனுக்குப் போன் எடுத்து, குதிரை களவு போயிற்றுது எண்டு சொல்லுங்கோ" என்றாள். "இதெங்கை களவு, ஜோசப்பின்?" என்றேன். "உங்களிட்டைக் கேட்டவரோ? என்னட்டைக் கேட்டவரோ? ஆண்டவரா இருந்தாலும் கேளாமல் கொண்டுபோனா களவுதான்" என்று சொல்லிவிட்டு என் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். நான் ஜெனிஸ்ரனுக்கு எடுத்து அவள் சொன்னபடியே சொன்னேன். "அதுக்குப் பொலிசிலை முறைப்பாடு செய்யவேணும் ஐயா, ஆர் எடுத்தது எண்டு பேர் குடுக்கவேணும்" என்றான்.

ஆரணிக்கு நீதான் சொல்லவேண்டும். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது போனில் சொல்ல எனக்கு ஏலாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போதும் எடுக்கிற நேரத்துக்கே எடு. காட்ட ஒன்றும் இல்லை. போனை எப்படிப் பிடித்தாலும் இனி என் தலைதான் தெரியும். அதற்காக எடுக்காமல் விட்டுவிடாதே, மகன்.